‘எம்மேல கோபமா?’ - மனச்சோர்வு உறவுக்குள் போடும் சுழல்... வெளியே வருவது எப்படி?

அதிகாலை ஐந்தரை மணி. பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் நெடுஞ்சாலையில், தண்டலம் ஸ்டாப்பில் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. காலை ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள் ஏறுகிறார்கள். சற்று நேரத்தில் நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள் எதிர்ப்பக்கம் இறங்குகிறார்கள். இறங்கும்போதே பலர் கையில் போன். அதுவரை லாக்கரில் கிடந்த போன்.

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பகுதியில் எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகள் உட்படப் பல இடங்களில் உற்பத்திப் பகுதிக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. ஷிஃப்ட் நேரம், பஸ் பயணம், ஓ.டி. எல்லாம் சேர்ந்தால் ஒரு மனிதர் தன் நெருங்கியவர்களுக்கு ‘காணாமல் போகும்’ நேரம் ஒரு நாளில் பாதியைத் தொட்டுவிடும்.

உதாரணத்துக்கு, விழுப்புரம் பக்கமிருந்து வந்து நான்கு பேரோடு ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் ஓர் இளைஞரை நினைத்துக்கொள்ளுங்கள். காதலி ஊரில் இருக்கிறார். ஷிஃப்ட் முடிந்து போனைத் திறந்தால் 31 மெசேஜ். முதலாவது ‘சாப்டியா?’. பத்தாவது ‘பிஸியா?’. இருபதாவது ‘எம்மேல கோபமா?’. கடைசி மெசேஜ்: ‘நான் உனக்கு பாரம்னு தெரியுது. பரவால்ல.’

தூக்கம் கண்ணைச் சொருகும் நேரத்தில் அவர் டைப் செய்கிறார்: ‘அதெல்லாம் ஒண்ணுமில்ல. தூங்கப் போறேன்.’

அந்த ‘ஒண்ணுமில்ல’தான் அன்று பகல் முழுக்க அந்தப் பெண்ணைத் தூங்கவிடாது.

சில மாதங்களில் தோழிகள் ‘அவன் மாறிட்டான்டி’ என்பார்கள். ரூம்மேட்கள் ‘அது டாக்ஸிக் ரிலேஷன்ஷிப் மச்சி, விட்டுடு’ என்பார்கள். இரண்டுமே தவறாக இருக்கலாம். அந்தப் பெண்ணுக்கு மனச்சோர்வு இருக்கலாம். அல்லது அந்த இளைஞருக்கு. யாரும் அதை யோசிக்கக்கூட மாட்டார்கள். ஏனென்றால் மனச்சோர்வு பல நேரங்களில் நோய் மாதிரி தெரியாது. சண்டை மாதிரிதான் தெரியும்.

மன அழுத்தம் வேறு... மனச்சோர்வு வேறு!

‘ஒரே டிப்ரஷனா இருக்கு’ என்று நாம் சாதாரணமாகச் சொல்வது பெரும்பாலும் மன அழுத்தத்தை. டார்கெட், இ.எம்.ஐ., சூப்பர்வைசரின் திட்டு என்று காரணம் இருக்கும். அது போனால் மனமும் தேறும். மனச்சோர்வு அப்படியல்ல. காரணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நாளின் பெரும்பகுதி, கிட்டத்தட்ட தினமும், குறைந்தது இரண்டு வாரங்கள் தொடரும் சோகம். அல்லது முன்பு பிடித்த எதிலும் ஆர்வமே இல்லாத நிலை. கூடவே தூக்கம், பசி, கவனம் ஆகியவற்றில் மாற்றம், காரணமில்லாத களைப்பு, ‘நான் எதுக்கும் லாயக்கில்லை’ என்ற குற்றவுணர்வு, சிலருக்கு வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம். இவற்றில் பல சேர்ந்து வந்து அன்றாட வேலையைப் பாதித்தால், அது சிகிச்சை தேவைப்படும் மருத்துவப் பிரச்சினை.

இது அபூர்வமான நோயும் இல்லை. பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு (2015-16), இந்தியாவில் 20 பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது மனச்சோர்வால் பாதிக்கப்படுகிறார் என்று மதிப்பிட்டது. பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் சிகிச்சைக்கே போவதில்லை என்பதும் அதே ஆய்வு சொன்னதுதான்.

எது முதலில்... உறவுச் சிக்கலா, மனச்சோர்வா?

‘லவ் ஃபெயிலியரால டிப்ரஷன் ஆயிட்டான்’ என்று ஒரே திசையில்தான் நாம் பேசிப் பழகியிருக்கிறோம். ஆய்வுகள் இரண்டு திசைகளையும் காட்டுகின்றன.

அமெரிக்காவில் விஸ்மன், புரூஸ் ஆகிய ஆய்வாளர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வு, மனச்சோர்வு இல்லாத திருமணமானவர்களை ஓராண்டு கழித்து மீண்டும் பார்த்தது. மணவாழ்வில் திருப்தி இல்லை என்றவர்களுக்கு, மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக மனச்சோர்வு வந்திருந்தது. அதாவது, உறவு கசந்தால் மனம் சோரும்.

மறுதிசையைக் காட்டியவர் உளவியலாளர் கான்ஸ்டன்ஸ் ஹாமன். 1991இல் அவர் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வுள்ள பெண்களின் ஓராண்டு வாழ்க்கையை நீண்டகால உடல்நோய் உள்ளவர்கள், நோய் இல்லாதவர்கள் உள்ளிட்டோரின் வாழ்க்கையோடு ஒப்பிட்டார். மனச்சோர்வுள்ளவர்களுக்குச் சண்டை, பிரிவு, மனக்கசப்பு போன்ற நிகழ்வுகள் அதிகம் நடந்தன. அவற்றில் ஓரளவு அவர்களின் அப்போதைய நடத்தையும் பங்கு வகித்தது. ‘அப்போ தப்பு அவங்க மேலதானா?’ என்று கேட்கக் கூடாது. காய்ச்சலில் உளறுவதைப் போல, நோய் அவர்களைச் சில விதமாக நடக்க வைக்கிறது. அந்த நடத்தை புதிய சண்டையைக் கொண்டுவருகிறது. அந்தச் சண்டை நோயைக் கூட்டுகிறது.

ஆக, இது நேர்க்கோடு அல்ல, சுழல். எங்கே தொடங்கியது என்று தேடுவதைவிட, எந்த இடத்தில் அறுக்கலாம் என்று பார்ப்பதே பயன் தரும்.

திரும்பத் திரும்பக் கேட்பது ஏன்?

இந்தச் சுழலை முதலில் தெளிவாக விவரித்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் காய்ன் என்ற அமெரிக்க உளவியலாளர். 1976இல் அவர் செய்த சோதனை இன்றைய போன் காதலுக்கென்றே செய்ததுபோல இருக்கும். முன்பின் தெரியாத இருவர் 20 நிமிடம் தொலைபேசியில் பேச வேண்டும்; அவ்வளவுதான். மறுமுனையில் மனச்சோர்வுள்ளவரோடு பேசியவர்கள், பேசி முடித்ததும் தாங்களே சோர்வாகவும் எரிச்சலாகவும் உணர்ந்தார்கள். அவரோடு மீண்டும் பேசும் விருப்பமும் குறைந்திருந்தது. பின்னர் வந்த எல்லா ஆய்வுகளிலும் இதே அளவு தாக்கம் தெரியவில்லை. ஆனாலும் காய்ன் விவரித்த பாதை இன்றும் பேசப்படுகிறது.

அந்தப் பாதை இதுதான். மனச்சோர்வில் இருப்பவருக்குத் தன்மீதே மதிப்பு இல்லை. அதனால் நெருங்கியவரிடம் உறுதி கேட்கிறார்: ‘என்னைப் பிடிக்குமா? கோபமா? விட்டுட்டுப் போயிடுவியா?’ எதிரில் இருப்பவர் ‘இல்லம்மா, அப்படியெல்லாம் இல்ல’ என்கிறார். அரை மணி நேரம் நிம்மதி. பிறகு மனச்சோர்வு காதில் ஓதுகிறது: ‘நீ கேட்டதால்தானே சொன்னான்!’ மீண்டும் கேள்வி. இருபதாவது முறை பதில் சொல்பவரின் குரலில் சலிப்பு தட்டுகிறது. அந்தச் சலிப்பைக் கேட்டதும், ‘பார்த்தியா, நான் நினைச்சது சரிதான்’ என்று மனம் தீர்ப்பு எழுதிவிடுகிறது.

இங்கே யாரும் பொய் சொல்லவில்லை. உறுதி கேட்டவருக்கும் வலி, கொடுத்துக் கொடுத்துக் களைத்தவருக்கும் வலி. வாட்ஸ்அப்பின் ப்ளூ டிக்கும் ‘லாஸ்ட் சீன்’ நேரமும் இந்தச் சுழலை இன்னும் வேகமாகச் சுற்றவிடுகின்றன, அவ்வளவே.

பேசாமல் ஒதுங்குவதும் அறிகுறியே

எல்லோரும் கேள்வி கேட்பதில்லை. சிலர் அடைத்துக்கொள்கிறார்கள். வார லீவில் ஊருக்குப் போவதில்லை. அம்மாவின் போனை எடுப்பதில்லை. ரூமில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்கள். ஆண்களிடம் மனச்சோர்வு பெரும்பாலும் அழுகையாக வெளியே வராது. எரிச்சல், சட்டென்று வெடிக்கும் கோபம், குடி, விடிய விடிய ரீல்ஸ் என்று வேறு வேடத்தில் வரும். வீட்டில் அதற்குப் பெயர் ‘திமிர்’.

இந்த இரண்டு குணமும் ஒரே உறவில் சேர்ந்தால் சிக்கல் இரட்டிப்பாகும். ஒருவர் ‘பேசு, பேசு’ என்று துரத்துகிறார். மற்றவர் ஒதுங்குகிறார். ஒதுங்குவதால் துரத்தல் கூடுகிறது. துரத்துவதால் ஒதுங்கல் கூடுகிறது. ‘அவ நச்சு பண்றதாலதான் நான் பேசல’ என்று அவர் சொல்வார். ‘அவன் பேசாததாலதான் நான் கேக்கறேன்’ என்று இவர் சொல்வார். இருவர் சொல்வதும் உண்மை.

ஒரே ஒரு கேள்வி சொன்ன சேதி

சிகிச்சைக்குப் பிறகும் இந்தச் சுழலின் பிடி இருக்கிறது. மனச்சோர்வால் மருத்துவமனையில் சேர்ந்து குணமடைந்த, திருமணமான 39 பேரை ஜில் ஹூலி, ஜான் டீஸ்டேல் என்ற ஆய்வாளர்கள் பிரிட்டனில் ஒன்பது மாதங்கள் கண்காணித்தார்கள். நோய் யாருக்குத் திரும்பும் என்பதைப் பல அளவுகோல்களைவிட நன்றாகக் காட்டியது ஓர் எளிய கேள்வி: ‘உங்கள் துணை உங்களை எவ்வளவு குறை சொல்கிறார் என்று நினைக்கிறீர்கள்?’ அதிகம் என்று சொன்னவர்களுக்கே நோய் அதிகம் திரும்பியது. முடிவுகள் 1989இல் வெளிவந்தன.

‘உனக்கு என்ன குறைச்சல்? எத்தனை பேருக்கு இந்த வேலை கிடைக்கும்? எழுந்து வேலையைப் பாரு!’ - தைரியம் சொல்வதாக நினைத்துத்தான் வீட்டில் இதைச் சொல்கிறார்கள். கேட்பவருக்கு அது குறை சொல்லாகவே போய்ச் சேர்கிறது.

தண்டலத்தில் இது ஏன் கூடுதல் கனம்?

லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களிடம் ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் நடத்திய புகழ்பெற்ற ஆய்வு 1978இல் நூலாக வந்தது. இழப்போ பெரிய நெருக்கடியோ வந்தபோது எல்லோருக்கும் மனச்சோர்வு வரவில்லை. மனம்விட்டுப் பேச ஒரு நெருங்கிய நபர் இருந்தவர்களுக்கு ஆபத்து கணிசமாகக் குறைந்திருந்தது. பத்து நண்பர்கள் தேவைப்படவில்லை. ஒருவர் போதும்.

இந்த வழித்தடத்தில் இன்று பலருக்குக் கிடைக்காதது அந்த ஒருவர்தான். ஐ.டி.ஐ., டிப்ளமோ, பிளஸ் டூ முடித்த கையோடு வட மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட் என வெளிமாநிலங்களிலிருந்தும் இளைஞர்கள் இங்கே வருகிறார்கள். பள்ளித் தோழமை ஊரோடு நின்றுவிடுகிறது. இங்கே ரூம்மேட் இருப்பார். ஆனால் அவருக்கு வேறு ஷிஃப்ட். ஒரே ரூமில் ஆறு மாதம் இருந்தும், விழித்திருக்கும் நிலையில் ஒருவரையொருவர் பார்ப்பது வாரத்துக்கு ஒருநாள் என்றால், அங்கே நட்பு எப்படி வளரும்? காண்ட்ராக்ட் முடிந்தால் அந்த முகமும் மாறிவிடும்.

தூக்கமும் இதில் சேர்கிறது. ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகள் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வாரம் மாறும்போதெல்லாம் தூங்கும் நேரமும் மாறினால் உடலின் கடிகாரம் குழம்பும். தூக்கம் கெட்ட மனம் சின்னச் சொல்லையும் பெரிதாக எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்றும் உண்டு, அதை யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. இங்கே பலரின் காதல் வீட்டுக்குத் தெரியாத காதல். சாதி, மதம், மாநிலம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். மறைத்து வைத்த உறவில் சண்டை வந்தால் அம்மாவிடம் சொல்ல முடியாது, அக்காவிடம் அழ முடியாது. எனவே எல்லாப் பாரமும் ஒரே மனிதர்மீது, ஒரே போன் நம்பர்மீது விழுகிறது. அந்த ஒருவர்தான் காதலர், நண்பர், குடும்பம், டாக்டர் எல்லாமே. யாராலும் அவ்வளவையும் சுமக்க முடியாது.

வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய் செலவில், 18,720 பெண்கள் தங்கும் தொழிலாளர் குடியிருப்பை 2024 ஆகஸ்ட் 17 அன்று தமிழக முதல்வர் திறந்துவைத்தார். தங்குமிடம் என்பது முக்கியமான முன்னேற்றம். ஆனால் 18,720 பேர் தங்கும் வளாகத்திலும் ஒருவர் தனியாக இருக்க முடியும். கட்டிலோடு சேர்த்து, பேச ஓர் ஆளும் இருக்கிறாரா என்ற கேள்வி இனிமேல் கேட்கப்பட வேண்டியது.

சரி... சுழலை எங்கே அறுப்பது?

*சோர்வில் இருப்பவர் நீங்கள் என்றால்:* ‘என்னைப் பிடிக்குமா?’ என்ற கேள்வியை இன்னொரு முறை அனுப்பும் முன், நிஜமாகத் தேவைப்படுவது என்ன என்று பாருங்கள். ‘இன்னைக்கு மனசு ரொம்ப கீழ இருக்கு. பத்து நிமிஷம் பேசணும். எப்போ முடியும்?’ என்பது பதில் சொல்லக்கூடிய கேள்வி. ‘கோபமா?’ என்பதற்கு எந்தப் பதிலும் போதாது. பிரேக்-அப், ராஜினாமா, கல்யாண முடிவு போன்றவற்றை, ஆபத்து எதுவும் இல்லாத பட்சத்தில், மனம் தேறும்வரை தள்ளிப் போடுங்கள்.

*துணையோ நண்பரோ நீங்கள் என்றால்:* ஷிஃப்ட் மாறும் வாரத்தில் பேசும் நேரத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ‘இந்த வாரம் நைட். காலைல ஏழு மணிக்குக் கூப்பிடுறேன்’ என்று சொல்லிச் சரியாகக் கூப்பிடுவது, நூறு ‘லவ் யூ’க்களைவிட உறுதி தரும். களைத்துப் போனால் மௌனமாகாமல், ‘எனக்கு இப்போ முடியல, சாயங்காலம் பேசுவோம்’ என்று சொல்லுங்கள். நீங்கள் துணைதான், டாக்டர் இல்லை. டாக்டரிடம் கூட்டிப்போவது உங்களால் முடிந்த பெரிய உதவி.

*இருவருக்கும்:* ‘நீ இப்படி, நீ அப்படி’ என்பதற்குப் பதில் ‘நாம மறுபடியும் அந்தச் சுத்துல மாட்டிக்கிட்டோம்’ என்று சொல்லிப் பாருங்கள். எதிரி மாறும்போது சண்டையின் சூடு குறையும்.

சிகிச்சை என்றால் மாத்திரை மட்டும்தானா?

இல்லை. உறவுச் சிக்கலையே மையமாக வைத்த பேச்சு சிகிச்சை ஒன்று உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் ஜெரால்டு கிளர்மனும் ஆய்வாளர் மிர்னா வைஸ்மனும் 1970களில் உருவாக்கியது. அது நான்கு விஷயங்களைப் பார்க்கும்: இழப்பின் துக்கம், நெருங்கியவரோடு தீராத சண்டை, வாழ்க்கை நிலை மாறுவது, உறவே அமையாத தனிமை. ஊரை விட்டு வேலைக்கு வந்த ஒருவருக்கு இந்த நான்கில் இரண்டாவது பொருந்தும்.

உகாண்டாவின் தென்மேற்கில் 30 கிராமங்களில் இந்தச் சிகிச்சையைக் குழுவாகக் கொடுத்துப் பார்த்தார்கள். நடத்தியவர்கள் டாக்டர்கள் இல்லை; இரண்டு வாரப் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். 16 வாரங்களுக்குப் பிறகு, சிகிச்சை பெற்றவர்களில் 6.5 சதவீதம் பேருக்கு மட்டுமே மனச்சோர்வு நீடித்தது. பெறாத கிராமங்களில் அது 54.7 சதவீதம். முடிவுகள் 2003இல் வெளியாயின. நம் நாட்டில் கோவாவிலும் பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் மனச்சோர்வைக் குறைக்க முடியும் என்பது 2017இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. ஹாஸ்டல்களிலும் ஆலைகளிலும் இதைச் செய்ய நிறைய டாக்டர்கள் தேவையில்லை. மனம் வேண்டும்.

நோய் தீவிரமாக இருந்தால் மாத்திரை அவசியமாகலாம். பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். மனச்சோர்வு மாத்திரைகள் போதைப் பொருள் இல்லை. ஆனால் டாக்டரைக் கேட்காமல் திடீரென நிறுத்தக் கூடாது.

ஓர் எச்சரிக்கை: அடி, மிரட்டல் ‘சுழல்’ ஆகாது

அடிப்பது, சம்பளத்தைப் பிடுங்குவது, போட்டோவை வெளியிடுவேன் என்று மிரட்டுவது, எங்கே போனாலும் லொகேஷன் கேட்டுக் கண்காணிப்பது... இவை வன்முறை. ‘அவனுக்கு டிப்ரஷன், அதான் அடிக்கிறான்’ என்பது பொறுத்துப்போகக் காரணம் ஆகாது. இங்கே இருவரும் சமமாக மாறவேண்டியதில்லை. பாதிக்கப்பட்டவர் பாதுகாப்பான இடத்துக்கு வருவதே முதல் வேலை. பெண்கள் 181 என்ற உதவி எண்ணை அழைக்கலாம். அதேபோல, ‘நீ போனா நான் செத்துடுவேன்’ என்று ஒருவர் சொன்னால் அதை மிரட்டல் என்று ஒதுக்கவும் வேண்டாம். தனியாளாகச் சுமக்கவும் வேண்டாம். உடனே ஒரு பெரியவரையோ உதவி எண்ணையோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே போவது?

எந்த நேரமும் இலவசமாக அழைக்க 14416 - மத்திய அரசின் ‘டெலி-மானஸ்’ சேவை; 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழிலேயே பேசலாம். தண்டலத்தில் நெடுஞ்சாலையோரமே உள்ள சவீதா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காஞ்சிபுரம் அரசுத் தலைமை மருத்துவமனையிலும் பார்க்கலாம். ஈ.எஸ்.ஐ. கார்டு வைத்திருப்பவர்கள் தங்கள் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் பரிந்துரை கேட்கலாம்.

‘ஹெச்.ஆருக்குத் தெரிஞ்சா வேலை போயிடுமே’ என்பது பலரின் பயம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. சட்டம் சொல்லும் சில விதிவிலக்குகள் தவிர, உங்கள் சம்மதமில்லாமல் டாக்டர் அதை வெளியே சொல்ல முடியாது.

காலை ஏழு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து இறங்கும் அந்த இளைஞர், அடுத்த முறை ‘ஒண்ணுமில்ல’ என்று டைப் செய்யும் முன் ஒரு நிமிடம் நிற்கலாம். ‘உனக்கு ரெண்டு வாரமா தூக்கமே இல்லைல? லீவுக்கு வர்றேன். ரெண்டு பேரும் டாக்டரைப் பார்ப்போம்’ என்று எழுதலாம். 31 மெசேஜ்களுக்கும் சேர்த்து அந்த ஒரு பதில் போதும்.